கொண்டையன் மேட்டுக்கு முப்பது பாலம்

ஒரே ஒரு ஏரியாம். அந்த ஏரிக்குள்ள அங்கங்க மண்மேடாம், மேட்டுக்கு ஒரு குடும்பமாம், தண்ணி பூராவும் முதலையாம். கால் வச்சா கால் திரும்பி வராது, ஆமா! அதனால புதுசாக் கல்யாணம் ஆனவங்க தனி மேட்டுக்குக் குடிபோனா, ஒரு பனைமரத்த வெட்டி ஏதாவது ஒரு மேட்டுக்குப் பாலம் போட்டுக்குவாங்க. எங்க போடுவாங்க? எந்த மேட்டுல ஏற்கெனவே பாலம் அதிகமோ அங்கதான். "அங்க போயிட்டா, அங்கருந்து எங்க வேணாலும் போயிரலாம்ல?"ன்னு எல்லாருக்கும் ஒரே நினைப்பு.

அப்படி எல்லாப் பாலமும் வந்து விழுந்தது கொண்டையன் மேட்டுல. அவன் பெரிய சூரன்லாம் இல்ல, மொதல்ல குடிவந்தவன், அவ்வளவுதான். மூணு பாலத்தப் பார்த்துப் பத்து வந்துச்சு, பத்தப் பார்த்து முப்பது வந்துச்சு, அவனுக்குத் தலைக்கனமும் வந்துச்சு. "என் மேட்ட மிதிக்கிறவங்க எனக்கு முதுகு சொறிஞ்சிட்டுத்தான் போகணும்"னுட்டான். சிரிக்காதீங்க, நெசமாத்தான்!

வெள்ளத்தாயின்னு ஒருத்தி, பேறு பார்க்கிறதுல கைராசிக்காரி. அவ தங்கச்சி மாடத்தி கூப்பிடு தூரத்து மேட்டுல இருந்தா. ஆனா போகணும்னா கொண்டையன் மேடு வழியாத்தான் போகணும். ஒருநாள் காலைல தங்கச்சிக்கு வலி கண்டிருச்சு. "அக்கா, வாக்கா!"ன்னு அவ அலறுறது இங்க கேக்குது. வெள்ளத்தாயி ஓடினா, ஓடினா, ஓடிப்போய் நின்னா. கொண்டையன் குப்புறப் படுத்திருக்கான், சொறிஞ்சிவிட இருபது பேர் வரிசைல நிக்கிறாங்க.

"அண்ணே, தங்கச்சிக்கு வலி எடுத்திருச்சு, வழி விடுண்ணே."

"வரிசைல நில்லு."

"ரெண்டு உசுருண்ணே!"

"எனக்கு அரிப்பும்மா. வரிசைல நில்லு!"

வந்துச்சே அவளுக்குக் கோபம்! திரும்பி ஓடிவந்து புருஷன்ட்ட, "வாசல்ல நிக்கிற பனைய வெட்டுய்யா, மாடத்தி மேட்டுக்கு நேராப் போடு"ன்னா.

அவன் முழிச்சான். "ஏ, ஒத்தப் பாலம் இருக்கிற மேட்டுக்கு எவளாவது பாலம் போடுவாளா?"

"நான் போடுவேன். வெட்டுய்யா!"

வெட்டினான், உருட்டினான், போட்டான். கீழ முதலை வாயப் பொளந்துக்கிட்டுக் கிடக்க, இவ பனை மேலயே ஓடினா. போய்ச் சேர்ந்த சூட்டோட வீல்னு ஒரு சத்தம், பொம்பளப்புள்ள! வெள்ளத்தாயிக்குச் சந்தோஷத்துல கண்ணு நெறைஞ்சிருச்சு.

அதப் பார்த்துட்டு, அடுத்த மேட்டுக்காரன் தன் பக்கத்து மேட்டுக்கு ஒன்னு போட்டான், அவன் அவனுக்குப் பக்கத்துல ஒன்னு போட்டான், கொண்டையன் வரிசை கரைஞ்சே போச்சு. அவனுக்கு ஆத்திரம் தாங்கல. "என் மேடு இல்லாம நடமாடிருவாங்களா? எல்லாத்தையும் தள்ளிவிடுறேன், அழுதுக்கிட்டு வந்து நிக்கட்டும்"னு ஒன்னத் தள்ளினான், ரெண்டத் தள்ளினான், முப்பதையும் தண்ணில தள்ளிட்டான்.

ஒருநாள் ஆச்சு, யாரும் அழல. ரெண்டு நாள் ஆச்சு, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. மூணாம் நாள் சனம் பூராவும் பக்கத்துப் பக்கத்து மேட்டு வழியாப் பிள்ளைக்குப் பேர் வைக்கப் போகுது. இவன் நடு ஏரில ஒத்தையா நிக்கிறான், சுத்தி முதலை.

"ஏ வெள்ளத்தாயி! ஒரே ஒரு பாலம் போடுத்தா!"

"போடுறேண்ணே. ஆனா ஒன்னுதான்."

போட்டா, பாவம்னு. அன்னைலருந்து கொண்டையன் எங்க போகணும்னாலும் ஏழு மேடு ஏறி இறங்கணும், மேட்டுக்கு மேடு நின்னு, "ஆத்தா, கொஞ்சம் வழி விடுங்க"ன்னு கேக்கணும். கேட்டானே!

கூட்டம் போற பக்கமே எல்லாரும் போகாதீங்க கண்ணுகளா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ஒரு பாலம் போட்டு வைங்க. முதலை தண்ணிக்குள்ள போச்சு, என் கதை கரைக்கு வந்தாச்சு.