சைகோன் கோழிக் குச்சியும் சவேரியின் கப்பலும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பந்திப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான். அண்டா, குண்டான், கரி அடுப்பு எல்லாம் என்னிடம் கிடைக்கும். புளுகு வேண்டுமென்றால் மட்டும் சவேரியிடம் கேட்க வேண்டும். அவனும் பாதி நாள் என் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பான்.

சவேரி சமையல்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் சர்க்கரை என்று நினைத்துப் பாயசத்தில் உப்பைக் கொட்டினான். அன்றைக்கு விட்ட மாஸ்டர் பட்டம்தான், திரும்பக் கிடைக்கவே இல்லை. கோதண்டம் மாஸ்டரிடம் வெங்காயம் உரிக்கிறான். அவன் கண் சிவந்திருப்பதற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் பிலோமின் அக்கா கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். அக்காவின் அம்மா சைகோனில் பிறந்து வளர்ந்து, கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தவர். அந்த அம்மா செய்கிற மாதிரியே விருந்தில் கோழிக் குச்சி வேண்டுமாம். கோழிக்கறியில் மீன் சாறும் எலுமிச்சைப் புல்லும் பூண்டும் தடவி, மூங்கில் குச்சியில் கோத்து, கரியில் சுட்டு, வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைச் சாறு தொட்டுச் சாப்பிடுவது. கோதண்டம் மாஸ்டர் தனக்கு வராது என்று தலையாட்டிவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, "நம்ம சவேரிக்குத் தெரியும்க்கா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப ஒரு தட்டு செஞ்சு காட்டட்டும். நல்லாருந்தா நானூறு பேருக்கும் அவனே மாஸ்டர்," என்றார் அக்கா.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் கடைக் கொல்லையில் சவேரி அடுப்பு மூட்டினான். கோதண்டம் மாஸ்டரும் வேடிக்கை பார்க்க வந்து என் பக்கத்தில் நின்றார். ஒத்துக்கொள்ள வேண்டும், வாய்தான் புளுகுமே தவிர அவன் கை புளுகாது. மல்லாட்டையை வறுத்துத் தோலை ஊதி, தேங்காய்ப் பாலும் புளியும் வெல்லமும் விட்டு அரைத்து இறக்கியபோது தெருநாய் மூன்று வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டன. குச்சிகளை வரிசையாகக் கரிமேல் அடுக்கினான். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். அப்போது அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கப்பா கத்துக்கிட்ட?"

செல்போனில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. சவேரி விசிறியைக் கீழே வைத்தான். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றான்.

"சைகோன்லதாங்க்கா. கப்பல்ல சமையக்காரனா போனேன்."

"நீ பக்கத்துல இருக்குற வில்லியனூரே தாண்டி போனதில்லையேடா," என்றார் கோதண்டம்.

"உங்ககிட்ட சொல்லாம போனேன் மாஸ்டர். சொன்னா அழுவீங்க. எறங்குன அன்னிக்கே ஒரு கோழிய அறுத்து மசாலா தடவுனேன்க்கா. வாசன கெளம்புச்சு பாருங்க, அந்த ஊரு கோழிங்கல்லாம் தானா வந்து வரிசையில நின்னுடுச்சு. ஒவ்வொண்ணு அலகுலயும் ஒரு மூங்கில் குச்சி. அதுங்களே கொண்டாந்துடுச்சு."

"முட்டைங்க வரலியா?"

"வந்துச்சு மாஸ்டர். சின்னதுங்க, பெரிசானப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுதும்பான் என்று கோதண்டம் என் காதருகில் முனகினார். பிலோமின் அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. சவேரிக்கு அதுவே போதும்.

"அப்புறம் விசிறுனேன்க்கா. எப்பிடி விசிறுனேன்? பொகை மேல போயி மேகத்துல முட்டுச்சு. மேகம் கறுத்து மூணு நாளு மழ. தண்ணி மழயில்ல, சுட்ட கோழி வாசத்தோட மழ. சனங்க வெறுஞ்சோத்த தட்டுல போட்டுக்கிட்டு தெருவுல நின்னாங்க. நனைஞ்ச சோத்த அப்பிடியே சாப்புட்டாங்க. மூணு நாளும் ஊருல ஒரு வீட்டுல கொழம்பு வெக்கல."

"கொடை புடிச்சவன்?"

"பட்டினி மாஸ்டர். பாவம், அஞ்சாறு பேரு எளச்சே போய்ட்டாங்க."

இந்த இடத்தில்தான் நான் கவனித்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் புகை கொஞ்சம் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. கண்ணைக் காட்டினேன். நான் ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

"திரும்பி வரும்போது நடுக்கடல்ல கப்பல்ல ஓட்ட விழுந்துடுச்சு. யான பூந்து வெளிய வர்ற அளவு ஓட்ட. கேப்டன் என் கையப் புடிச்சு அழுவுறாரு. நான் ஒரு அண்டா மல்லாட்டச் சாற தூக்கிட்டுப் போயி ஓட்டையில அப்புனேன். அடைச்சுக்கிச்சு. ஆனா மீனுங்களுக்கு வாசன தெரிஞ்சுபோச்சு. சுறா, திமிங்கலம், நெத்திலி, எல்லாம் நக்குறதுக்கு பின்னாலயே வந்து முட்டுதுங்க. அதுங்க தள்ளுன தள்ளுல எஞ்சினே போடாம புதுச்சேரி வந்து சேந்தோம்."

"ஓட்டை கப்பலுக்குப் பின்னாலதான் இருந்துச்சா?" என்று கோதண்டம் கேட்டார்.

"மொதல்ல முன்னால இருந்துச்சு. கப்பல் பின்னுக்குப் போவுதுன்னு கேப்டன் சத்தம் போட்டாரு. அப்புறம் நாந்தான் ஓட்டைய பின்னால மாத்துனேன்."

'பொத்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வரிசையாகப் பொத், பொத், பொத். சவேரி திரும்பிப் பார்த்தான். மூங்கில் குச்சிகள் எல்லாம் எரிந்து போயிருந்தன. கறித் துண்டுகள் அத்தனையும் கரிக்குள் விழுந்து கிடந்தன. கதவோரம் இருந்த நாய்கள் எழுந்து நின்றன.

சவேரியின் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தேன். உப்புப் பாயசத்தன்றைக்கு இருந்த அதே முகம்.

"அங்க இப்பிடித்தாங்க்கா," என்றான். குரல் அவனுக்கே கேட்டிருக்காது. "குச்சி எரிஞ்சு விழுந்தா கறி வெந்துச்சுன்னு அர்த்தம்."

பிலோமின் அக்கா எழுந்து போய் இடுக்கியால் ஒரு துண்டை எடுத்தார். சாம்பலை ஊதினார். மல்லாட்டைச் சாற்றில் ஒரு முக்கு முக்கி வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அடுத்த துண்டையும் எடுத்தார். நாய்களுக்கு நம்பிக்கை குறைந்தது.

"குச்சிய எவ்வளவு நேரம் தண்ணில ஊறப்போட்ட?"

"ஊறப்போடணுமாக்கா?"

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

அக்கா திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கம்மா சைகோன்ல ஒரு நாளு குச்சிய வாளித் தண்ணியில ஊறப்போட்டாங்க. அதுக்குள்ள கப்பல் கெளம்புதுன்னு ஆளு வந்துட்டான். வாளிய அப்பிடியே வுட்டுட்டு வந்துட்டாங்க. குச்சி அங்கயே ஊறுச்சு. வேர் வுட்டுச்சு. வேர் கடலுக்கடியிலயே எங்கம்மாவத் தேடிக்கிட்டு அறுபது வருசம் வந்து, போன வருசம் எங்க வூட்டுக் கெணத்தடியில மூங்கிலா மொளைச்சுடுச்சு. சுண்டுனா இன்னமும் மீன் சாறு வாசன அடிக்குது."

அக்கா சிரிக்கவில்லை. சவேரி அடுப்பு விசிறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"நெசமாவாக்கா? கடலுக்கடியிலயேவா?"

"உன் கப்பல் எவ்வளவு நெசமோ, அவ்வளவு நெசம்," என்றார் அக்கா. பாக்கிச் சாற்றை ஒரு டப்பாவில் ஊற்றச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார். "அடுத்த சனிக்கெழம கல்யாணம். நானூறு பேரு. கறி உன் பொறுப்பு. குச்சிய முந்தின நாளே ஊறப்போட்டுடு. அடுப்பாண்ட நிக்கும்போது வாயத் தெறக்காத."

அவர் போன பிறகு சவேரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் ஒரு வெங்காயம்கூட இல்லை. கோதண்டம் மாஸ்டர் அவன் முதுகைத் தட்டி, "வாடா மாஸ்டரு" என்றார்.

மறுநாள் கடை திறக்கும்போதே சவேரி வாசலில் நின்றான்.

"அண்ணே, அருவா ஒண்ணு குடு. பிலோமின் அக்கா வூட்டுக் கெணத்தடியில மூங்கில் வெட்டப் போறேன்."

"டேய், அக்கா உன் கப்பல் எவ்வளவு நெசமோ அவ்வளவுன்னுதானடா சொன்னாங்க?"

"அதாண்ணே," என்றான் சவேரி. "அந்தக் கப்பல்ல வந்தவனே நாந்தான?"