மாதிரிப் பொட்டலம்

"நீங்க கைப்பட நாலு வரி எழுதித் தரணுமுங்க அம்மா" என்றார் தெய்வசிகாமணி. "மூணு மணிக்குள்ள வேணுமுங்க."

அம்மா நிமிரவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்து டியூபை உருவிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"உணவுப் பாதுகாப்பு ஆபீசருக்குங்க. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காரு."

"என்னன்னு எழுதோணும்?"

"நான் நேர்மையானவன்னு."

டியூப் வெளியே வந்தது. அம்மா அதற்குக் காற்றடிக்கத் தொடங்கினார்.

மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு, ஒரு வேப்பமரம், ஒரு சைக்கிள். அந்த அம்மாளின் சொத்து அவ்வளவுதான். வயது நாற்பதைத் தாண்டாது. ஊரில் சைக்கிள்சாமி என்பார்கள். உபதேசம் கேட்கப் போனவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார்கள். ஒன்று, அவர் ஏதாவது வேலையாக இருப்பார். இல்லை, வந்தவருக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவார். இருந்தாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஜில்லாவே நம்பும்.

வக்கீல் வரதராசனுக்கு இது தெரியும். "அந்தம்மாகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சிகாமணிக்கு அறுபத்தொரு வயது. மஞ்சள் மண்டி முதலாளி. தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். வாசலைக் கூட்டுவார், ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்றைக்கு வெள்ளி இல்லை. செவ்வாய்.

"என்ன கேசு?" என்று கேட்டார் அம்மா.

"வடக்கே ஒரு மசாலாக் கம்பெனிக்கு நானூறு மூட்டை அனுப்புனனுங்க. மாதிரிப் பொட்டலத்தைப் பார்த்துட்டுத்தான் வாங்குனாங்க. இப்ப சரக்கைத் திருப்பிட்டு, கேசும் போட்டுட்டாங்க."

மண்டியில் எல்லா மூட்டையையும் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு கைப்பிடி விரலி மஞ்சளைத் துணியில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். அதுதான் மாதிரிப் பொட்டலம். வாங்குகிறவன் அதை உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து விலை பேசுவான். மூட்டை பொட்டலத்துக்கு மாறாக இருந்தால் சரக்கைத் திருப்பிவிடலாம். சட்டமே அப்படித்தான்.

"பொட்டலம் எப்படி இருந்துச்சு?"

"தங்கமுங்க. இந்த வருசத்துப் புதுமஞ்சள்."

"மூட்டை?"

சிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

"போன வருசத்துச் சரக்குங்க. சாயப்பொடி கலந்திருக்குதுன்னு லேப்ல சொல்லிட்டாங்க. அதுல ஈயம் இருக்குதாமா."

"ஈயம் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"குழந்தைகளுக்கு ஆகாதுங்க."

அம்மா ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். காற்றடைத்த டியூபை அவர் கையில் கொடுத்தார்.

"முக்கிப் பாருங்க. எங்க குமிழி வருதுன்னு சொல்லுங்க."

மூன்று மணிக்கு விசாரணையை வைத்துக்கொண்டு பஞ்சர் பார்ப்பதா? சிகாமணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கடிதம் வேண்டுமே. முழங்கால் சட்டியில் இடிக்கக் குந்தி உட்கார்ந்து டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"சாயம் போட்டது யாரு?"

"செல்லாத்தாளுங்க. கார்ல உட்கார்ந்திருக்குதே, அதுதான். இருபது வருசமா நம்ம கிடங்குல மஞ்சளுக்கு மெருகேத்தற பாலிஷ் டிரம் ஓட்டுது."

"நீங்க போடச் சொன்னீங்களா?"

"சத்தியமா சாயம்ங்கற வார்த்தையே என் வாயில வரலீங்க!"

அது நிஜம். வக்கீலுக்கும் அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

"குமிழி வருதா?"

சிகாமணி டியூபைப் பிடித்த பிடி விடாமல் தண்ணீரில் இப்படியும் அப்படியும் அசைத்தார். "ஒண்ணும் வரலீங்க. ஓட்டையே இல்லீங்களோ என்னமோ."

"நேத்து அடிச்ச காத்து இன்னைக்கு இல்லை."

"எங்கேயும் வரலீங்களே."

"கட்டைவிரலை எடுங்க."

எடுத்தார்.

கட்டைவிரல் இருந்த இடத்திலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது. அம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். டியூபை வாங்கித் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

சிகாமணியின் கட்டைவிரலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டலத்து மாதிரியே மூட்டையும் வந்துரணும் செல்லாத்தான்னு சொன்னனுங்க" என்றார் கடைசியில். "எப்படி வரவெக்கறதுன்னு உனக்குத் தெரியும்னு சொன்னனுங்க."

"பொடி எப்படி வந்துச்சு? அவளா வாங்கியாந்தா?"

"இல்லீங்க. டிரம் பக்கத்துல இருந்துச்சு."

"யாரு வெச்சது?"

சிகாமணி ஈரக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. வக்கீல். சிகாமணி அதை அமர்த்திவிட்டு அவசர அவசரமாகப் பேசினார்.

"சட்டத்துல ஒரு வழி இருக்குதுங்க அம்மா. கம்பெனியில ஒருத்தரைத் தரத்துக்குப் பொறுப்பாளர்னு நியமிச்சிருந்தா அவங்கதான் பதில் சொல்லோணும். செல்லாத்தாளைத் தர மேலாளரா நியமிச்ச மாதிரி வக்கீல் ஒரு பேப்பர் தயார் பண்ணிட்டாரு. மூணு வருசம் முந்தின தேதி. அதுல அது கையெழுத்துப் போட்டாப் போதும். கூட உங்க கடிதமும் இருந்துட்டா, எனக்குத் தெரியாம நடந்ததுன்னு நம்பிருவாங்க."

"அவளுக்கு என்ன ஆகும்?"

"ஆறு மாசம் உள்ள இருக்கற மாதிரி வருமுங்க. கூடவும் ஆகலாம். குடியிருக்கற வீட்டை அது பேருக்கே எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கனுங்க. நான் உள்ள போனா மண்டியே போச்சுங்க. எழுபது குடும்பம் அதை நம்பித்தான் இருக்குது."

எழுபது குடும்பம் என்பதை அவர் காலையிலிருந்து தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். காரில் சொன்னபோது பொருத்தமாகத்தான் இருந்தது. இங்கே அது எடுபடவில்லை.

காரின் கதவு திறந்தது. செல்லாத்தாள் இறங்கி வந்தாள். ஐம்பது வயதுக்காரி. விசாரணைக்கென்று வெளுத்த சேலை கட்டியிருந்தாள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. கையில் அந்தப் பேப்பரை மடங்காமல் பிடித்திருந்தாள்.

"கும்பிடறனுங்க சாமி" என்றவள், வெட்கத்தோடு பேப்பரை நீட்டினாள். "இதுல மேலாளர்னு போட்டிருக்குதுங்களாமா. எம்பட பேருக்குப் பக்கத்துலீங்களா?"

அம்மா எட்டிப் பார்த்தார். "ஆமா."

செல்லாத்தாள் சிரித்தாள். "இருபது வருசம் டிரம் சுத்துனதுக்கு இப்பத்தான் உத்தியோகம் வந்துருக்குது." பிறகு முதலாளியைப் பார்த்தாள். "ஏனுங் மொதலாளி, கையெழுத்துப் போட்டுட்டாச் சாயந்திரம் வீட்டுக்குப் போயிரலாமுங்களா? பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா. சாவி எங்கிட்டத்தான் இருக்குது."

வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியது. சிகாமணிக்கு அது தன்னைத்தான் காட்டிக்கொடுக்கிறதோ என்றிருந்தது.

"போயிரலாம் செல்லாத்தா" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் அந்த வாசலில் அவர் சொன்ன முதல் பொய். இல்லை, மாட்டிக்கொண்ட முதல் பொய்.

செல்லாத்தாள் நிம்மதியாகக் காருக்குத் திரும்பினாள்.

அம்மா பஞ்சர் ஒட்டி முடித்தார். ஒட்டுப்போட்ட இடத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இப்போது திட்டப்போகிறார் என்று சிகாமணி நினைத்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"கடிதம் தர்றேன்" என்றார் அம்மா.

சிகாமணிக்குக் காதை நம்ப முடியவில்லை. "நிசமாலுமுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன். ஒண்ணும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அது போதுமுங்க! பன்னெண்டு வருசமாப் பார்க்கறீங்களே!"

"ஆமா. பன்னெண்டு வருசம்."

உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் வந்தார். நான்காக மடித்த தாள். சிகாமணி குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா திரும்பிப் போய்ச் சக்கரத்தில் டியூபைச் செருக ஆரம்பித்துவிட்டார்.

கார் வரைக்கும் அவர் ஏறக்குறைய ஓடினார். டிரைவருக்கு எதுவும் தெரியவேண்டாம் என்று காரைத் தானே ஓட்டி வந்திருந்தார். சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு தாளைப் பிரித்தார். மூன்றே வரி.

'தெய்வசிகாமணியைப் பன்னிரண்டு வருடமாக, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அறிவேன்.

எனக்குக் காட்டிய மாதிரி நன்றாக இருந்தது.

மூட்டையை நான் பிரித்துப் பார்த்ததில்லை.'

கீழே கையெழுத்து. அன்றைய தேதி.

மறுபடியும் படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது எழுத்துகள் கலங்கின.

போன் அடித்தது.

"கடிதம் கிடைச்சுதுங்களா?" என்றார் வக்கீல்.

"கிடைச்சுது."

"படிங்க, கேக்கறேன்."

படித்தார்.

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா நம்ம கதை முடிஞ்சுது. கிழிச்சுப் போடுங்க. கடிதம் இல்லாமயே சமாளிச்சுக்கலாம். செல்லாத்தாகிட்டக் கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

சிகாமணி திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் செல்லாத்தாள் பேப்பரை முழங்காலில் விரித்துவைத்து, பேனா மூடியைக் கழற்றியிருந்தாள்.

"எங்கீங்க மொதலாளி போடோணும்? இந்தக் கோட்டு மேலீங்களா?"

அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். பிறகு பேப்பரையும் வாங்கினார்.

"சாயந்திரம் நீ வீட்டுக்குப் போயிருவே செல்லாத்தா" என்றார். "இதை நெசமாச் சொல்றேன்."

"அப்ப நீங்க?"

"நான் எப்ப வருவேன்னு தெரியலை."

"ஹலோ, ஹலோ" என்று போனில் வக்கீல் கத்திக்கொண்டிருந்தார். "என்ன பண்றீங்க அங்க?"

"மூட்டையைப் பிரிக்கறனுங்க" என்றார் சிகாமணி.