இன்ப நூறுக்கு ஒரு பாயிரம்

ஆவுடைநாயகம் தம் நூலோடு மடத்துக்கு வந்தபோது, சடையப்ப சாமி ஆற்றில் குளித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். சாமி குரு, ஆவுடைநாயகம் சீடர். ஆனால் வயதில் சீடர்தான் மூன்று வருஷம் மூத்தவர். அந்த மூன்று வருஷத்தை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

நூலின் பெயர் 'இன்ப நூறு'. இன்பம் ஒன்றே மெய், பாவமும் புண்ணியமும் மனிதன் கட்டிவிட்ட கதை, இயற்கை இழுக்கிற பக்கம் போவதே அறம் என்று நூறு பாட்டு. தைப்பூசத்தன்று அதைச் சபையில் அரங்கேற்ற வேண்டும். குரு பாராட்டி ஒரு பாட்டு எழுதித் தராத நூலை அந்தக் காலத்துச் சபைகள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டா. பாயிரம் என்று அதற்குப் பேர். யாருக்கும் கட்டுப்படாதே என்று நூறு விதமாக எழுதியவர், அந்தப் பாயிரத்துக்காகக் கைகட்டி நின்றார்.

கூடவே வேலம்மையும் வந்திருந்தாள். தாலி என்பது மனிதன் திரித்த கயிறு என்று அவர் சொன்னதை நம்பி, தாய்வீட்டை விட்டு வந்து ஆறு வருஷமாக அவரோடு வாழ்கிறவள். அவர் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதியதும் அவள்தான். தேன் தீர்ந்த பூவை விட்டு வண்டு போவதில் குற்றமில்லை என்ற பாட்டை எழுதும்போது அவள் கை நின்றது. அரங்கேற்றம் முடிந்ததும் தெற்கே போகிறேன், நீ வரவேண்டாம் என்று அன்று சாயங்காலமே அவரும் சொல்லிவிட்டார். குருவும் இதைச் சரி என்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள்.

சாமி உச்சிவெயில் வரைக்கும் படித்தார். படித்து முடித்துச் சுவடியைக் கட்டி வைத்தார்.

"நரகம் இல்லேங்கீரு."

"இல்ல சாமி."

"சரி. போய்ட்டு வந்தவன் ஒருத்தனையும் நானும் பாத்ததில்ல. உடம்பு பாவமில்லேங்கீரு."

"இல்லவே இல்ல."

"அதுவும் சரி."

ஆவுடைநாயகத்துக்குச் சப்பென்று போயிற்று. சாமி மறுப்பார் என்று வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார் மனுஷர்.

"கடவுளே இல்லேன்னு எழுதியிருக்கீரு. முதல் பாட்டு என்னத்துக்கு வே பிள்ளையார் காப்பு?"

"அது மரபு சாமி. காப்பு இல்லாம தொடங்கினா சபையில சிரிப்பாங்க."

"நரகத்துக்குப் பயமில்ல. சபைக்குப் பயம்." சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "உம்மை வச்சுக்கிட்டு நான் படுத பாடு இருக்கே!"

"அது கிடக்கட்டும் சாமி. தத்துவத்துல பிழை உண்டா?"

"ஆசை இழுக்கிற பக்கம் போகணும். அதானே?"

"அதுதான் இயற்கை. காட்டுல எந்த மிருகம் வாக்குக் கொடுக்கு? எது வாக்கைக் காப்பாத்துது?"

"இது உமக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லா உயிருக்கும் பொது சாமி. இல்லேன்னா அது என்ன தத்துவம்?"

சாமி வேலம்மை பக்கம் திரும்பினார்.

"தாயி, எத்தனை நாளா எழுதுதே?"

"பதினோரு மாசம் சாமி." அவள் வலது கட்டைவிரலில் எழுத்தாணி பதிந்த இடம் காய்த்துப்போயிருந்தது.

"இப்ப உனக்கு எது மேல ஆசை? கூச்சப்படாம சொல்லு."

அவள் சுவடியைப் பார்த்தாள். அவமானமும் கோபமும் ஒன்றாக முகத்தில் ஏறின.

"இந்தச் சுவடியை ஆத்துல விட்டெறியணும் போல இருக்கு."

"எடுத்துக்கோ" என்றார் சாமி.

அவள் எடுத்துக்கொண்டு படித்துறையை நோக்கி நடந்தாள். ஆவுடைநாயகம் அலறிவிட்டார்.

"ஏ வேலம்மை! நில்லு! சாமி, அவளைத் தடுங்க!"

"ஆசை இழுக்கு, போறா. என்னத்துக்குத் தடுக்க?"

"அநியாயம் சாமி! அது என் உசுரு! பாதகத்தி, உன்னை நம்பித்தானே எழுதக் கொடுத்தேன்? சபைக்கு நல்லபடியாக் கொண்டுசேப்பேன்னு வாக்குக் கொடுத்தியே! இந்தப் பாவம் உன்னைச் சும்மா விடுமா?"

"வே, ஆவுடைநாயகம்! கொஞ்சம் முன்னால வரைக்கும் உலகத்துல பாவமே இல்லாம இருந்துச்சு. அதுக்குள்ள எங்கேருந்து வே வந்துச்சு?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. மேல்துண்டு நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் படித்துறைக்கு ஓடினார். வேலம்மை கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். தனக்காக அவர் இப்படி ஓடிவந்து ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

பிறகு என்ன நினைத்தாளோ, சுவடியை நனையாத படியில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். எதிர்க்கரையில்தான் அவள் தாய்வீட்டுக்குப் போகிற பாதை.

ஆவுடைநாயகம் சுவடியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஓலை ஓலையாகப் புரட்டி, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். ஆற்றில் போகிறவளைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கச் சாமியிடம் திரும்பி வந்தார்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல. சாமி, அந்தப் பாயிரம்?"

பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த அலுப்பெல்லாம் சேர்ந்து சாமியைக் கீழே உட்காரவைத்தது.

"தாரேன்."

"தாரீங்களா?"

"எழுத்தாணி எடுத்து இப்பவே எழுதித் தாரேன். இன்பத்தைப் பத்தி நூறு பாட்டு எழுதின மனுசன் நீரு. உம்மோட இருந்த ஒருத்தி, 'நான் இன்பமா இருந்தேன்'னு சொல்லட்டும். அந்தா, இன்னும் நடு ஆத்துலதான் போறா. ஓடிப்போய்க் கேட்டுட்டு வாரும்."