கல் மூடிய குழி

வடகோடியில், உறைந்த ஆற்றங்கரையில், விலங்குத் தோல் வாங்கும் கிடங்கு ஒன்று இருந்தது. அதில் ஆறு பேர். கப்பல் கோடையில்தான் வரும். கிடங்குத் தலைவன் மேக்னஸ் ஐம்பதைத் தாண்டியவன். அவனுடைய குரு நிஸ்காவோ அவனைவிட இருபது வயது இளையவள், அந்தக் காட்டிலேயே பிறந்த வேட்டைக்காரி.

நடுக்குளிரில் அவள் நாய்வண்டியில் வந்து இறங்கியபோது, மேக்னஸ் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"குருவே, இந்தக் குளிரை எப்படி ஜெயிப்பது?"

"என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"முயல். தினமும் மூக்குப் பிடிக்கத் தின்கிறோம். ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறோம். தாமஸ் நான்கு நாளாக எழுந்திருக்கவில்லை. போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது."

சுவரில் தொங்கிய முயல் ஒன்றை நிஸ்கா அழுத்திப் பார்த்தாள்.

"இதில் கொழுப்பு ஏது? வெறும் முயலைத் தின்பவன் வயிறு நிறைந்தே சாவான். பனி விழத் தொடங்கியபோது, ஆற்றில் அணை கட்டும் பீவர்களைப் பிடித்தீர்களே?"

"நாற்பது! எல்லாம் முதல்தரத் தோல்." நிற்க முடியாத நிலையிலும் அவனுக்குப் பெருமை குறையவில்லை.

"தோலை உரித்த பிறகு?"

"உடம்பையெல்லாம் ஆற்றோரக் குழியில் கொட்டி, நரி வராமல் கல் போட்டு மூடிவிட்டோம். பெரிய எலி மாதிரி இருந்தது. அதை யார் தின்பது?"

நிஸ்கா மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அன்று முழுக்கக் கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே நாற்பதும் போட்டது போட்டபடி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அகலத்தில், கொழுப்பு திரண்ட வால். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

வாலைச் சுட்டுத் தோலை உரித்து, உருகிய கொழுப்பை முதலில் தாமஸுக்குப் புகட்டினார்கள். மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்தான். பத்தாம் நாள் விறகு பிளந்தான். கூடவே பாடவும் செய்தான், அதுதான் தாங்க முடியவில்லை.

குளிர் முடிந்து காட்டு வாத்துகள் திரும்பிய காலையில் ஆறு பேரும் கூரைமேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆமாம், ஆறு பேரும். தாமஸின் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

மேக்னஸ் குதித்து இறங்கி ஓடிவந்தான்.

"ஜெயித்துவிட்டோம், குருவே! அந்தப் பாழாய்ப்போன குளிரை ஜெயித்துவிட்டோம்!"

நாய்களுக்கு வார் பூட்டிக்கொண்டே நிஸ்கா கேட்டாள்:

"நீ வீசியெறிந்ததை இத்தனை நாள் கெடாமல் வைத்திருந்தது யார்?"