இரண்டாவது கையுறையின் சத்தம்

அறுவை அரங்கில் கையுறை மாட்டும்போது, இழுத்துவிட்ட ரப்பர் மணிக்கட்டில் விழுந்து 'சடக்' என்று ஒரு சத்தம் எழும். கைக்கு ஒரு சடக், அவ்வளவுதான். அந்த மலையூர் ஆஸ்பத்திரியில் அரங்குப் பொறுப்பில் இருந்த ஜெசிந்தா சிஸ்டருக்கு மட்டும், புதிய டாக்டர் மாட்டி முடித்த பிறகும் இன்னொரு சடக் கேட்கும். திரும்பிப் பார்ப்பாள். ஓரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பேய் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு உரியவர் உயிரோடு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். ஆகவே இதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கிறது.

உரியவர் டாக்டர் கோதண்டம். பிரசவம் முதல் குடல்வால் வரை அந்த ஊரின் ஒரே கத்தி அவருடையது. எந்த நோயாளியானாலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போடுவார். "நம்ம ரத்தம்னா டாக்டருக்கு அவ்வளவு பயம்" என்று வார்டில் கிண்டல் நடக்கும். அவர் பயந்தது தம் ரத்தத்துக்கு.

ஆஸ்பத்திரிச் செயலாளர் தனுஷ்கோடி ஒருநாள், ஊழியர் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்று அறிவித்தார். அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லையே என்று யாரோ முனகினார்கள்.

"சட்டம் டெல்லியில இருக்கு. பேஷண்ட் இங்கல்ல இருக்காங்க" என்றார் செயலாளர். முடிவுகள் தம்மைத் தாண்டிப் போகாது என்றும் வாக்குக் கொடுத்தார்.

முடிவுகள் வந்த மறுநாள் டீக்கடைத் தட்டு உள்ளே வந்தபோது, எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், டாக்டருக்கு மட்டும் காகிதக் கப். ஜெசிந்தாவின் கண் அந்தக் கப்பிலேயே நின்றுவிட்டது. டாக்டர் நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு அவளைத் தனியே அழைத்து அவரே சொன்னார்: தொற்று வந்து பல வருடமாகிறது, மாத்திரை சாப்பிடுவதால், சோதனையில் அளக்க முடியாத அளவுக்குக் கிருமி அடங்கியிருக்கிறது, ஆனாலும் இனி இங்கே இல்லை. அன்று மாலையே வேலையை விட்டார்.

அடுத்த மழையில் மலைப்பாதை சரிந்தது. புதிய டாக்டர் கீழே சமவெளியில் மாட்டிக்கொண்டார். அந்தப் பகலில்தான், ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருந்த காளிராஜ் தம் மனைவி செவ்வந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது, ரத்தம் நிற்கவில்லை. ஜெசிந்தா போனை எடுத்தாள்.

"வர்றேன்" என்றார் கோதண்டம். "ஆனா என்னைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிடுங்க. சொல்லி, சம்மதம் வாங்கினாத்தான் கத்தியைத் தொடுவேன்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த செவ்வந்தி, ஜெசிந்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "யாருக்கா வர்றாங்க?"

"பேசாம மூச்சை இழுத்து விடு."

கதவுக்கு வெளியே காளிராஜும் அதையே கேட்டார். "கோதண்டம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் சொல்ல ஜெசிந்தா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டால் இரண்டு உயிர் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள். காளிராஜ் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவருக்குக் கைராசி உண்டுல்ல சிஸ்டர்?" என்றார். தலையசைத்தாள்.

மழையில் நனைந்து வந்து சேர்ந்த டாக்டரின் முதல் கேள்வி: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் டாக்டர். சரின்னுட்டாங்க."

சடக். சடக்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்த டாக்டரின் வெறுங்கையைக் காளிராஜ் இரண்டு கையாலும் பிடித்து, கண்களில் ஒற்றிக்கொண்டார். டாக்டர் கையை இழுத்துக்கொள்ளவும் மறந்து நின்றார்.

"தெரிஞ்சும் தொட்டார் சிஸ்டர்" என்று அன்று சொன்ன டாக்டர், அதற்குப் பிறகும் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்: "ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னாடி நின்னு வேலையைத் திரும்பக் கேக்கப்போறேன். ஒளிச்சு வெச்சு இல்ல, சொல்லிட்டே வேலை செய்றேன்னு. உண்மையைச் சொன்னா ஜனங்க ஏத்துக்கிறாங்க. அதுக்குக் காளிராஜே சாட்சி."

அன்றிலிருந்துதான் ஜெசிந்தாவுக்கு இரண்டாவது சடக் கேட்கிறது. வாய் திறந்தால், டாக்டர் பிடித்துக்கொண்டு எழுந்த காளிராஜின் கை பொய்யாகிவிடும். திறக்காவிட்டால், கமிட்டி முன்னால் காளிராஜ் விழிப்பார், டாக்டர் இரண்டாம் முறையும் விழுவார்.

நோயாளிகளைக் காப்பதாகச் சொல்லி ரகசியத்தைக் கிளறினார் செயலாளர். சொல்லிவிட்டுத்தான் தொடுவேன் என்று, ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நேரத்திலும் நிபந்தனை போட்டார் டாக்டர். பொய் சொல்லி இரண்டு உயிரைக் காப்பாற்றினாள் ஜெசிந்தா. கைராசியை மட்டும் கேட்டுவிட்டு மனைவியை ஒப்படைத்தார் காளிராஜ். வாசகரே, இதில் யார் செய்தது சரி?

விடை: காளிராஜுக்குத் தெரியும். காகிதக் கப் இருந்த தட்டு அவர் கடையுடையது. ஒருவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளர் கூடாது என்றால், ஏன் என்று கேட்காத டீக்கடைக்காரர் இல்லை. செயலாளரின் வாக்கு அங்கேதான் கசிந்தது. தரையைப் பார்த்து நின்ற நேரத்தில் காளிராஜ் எல்லாவற்றையும் யோசித்துவிட்டார், தெரிந்தேதான் தொட்டார். கமிட்டி முன்னால் அவர் விழிக்கப்போவதில்லை. ஆக, ஜெசிந்தாவின் பொய் அவளுக்கே தெரியாமல் மெய்யாகிவிட்டது என்று கணக்கை இங்கே மூடிவிடுபவர்கள் பலர். மூட வேண்டாம். கத்தி இறங்கியது காளிராஜின் வயிற்றில் அல்ல. யார் வருகிறார் என்று தன் உடம்புக்காகக் கேட்டவள் செவ்வந்தி ஒருத்திதான். கிடைத்த பதில் மூச்சை இழுத்து விடு என்பது. சொல்லச் சொல்லி டாக்டர் கொடுத்த அனுமதி இன்னும் செலவாகாமல் இருக்கிறது. ஜெசிந்தா முதலில் தட்ட வேண்டிய கதவு டாக்டருடையது அல்ல, செவ்வந்தியுடையது. அதுவரை அரங்கின் ஓரத்தில் கேட்பதை அவள் ரப்பர் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். பதிலுக்காக அங்கே காத்திருப்பது கையுறை அல்ல, செவ்வந்தியின் கேள்வி.