ஐஸ் எங்கே போனது?

"அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தப்போ என்கிட்ட எல்லாரும் தோத்தாங்க மேடம். இந்தப் பக்கம் வந்ததுல இருந்து நான்தான் எல்லார்கிட்டயும் தோக்கறேன்."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது வழக்கறிஞர் ஜுலைகா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் வரித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரி வழக்குகளில் கட்சிக்காரர்களுக்காக வாதாட ஆசைப்பட்டு, தூத்துக்குடியில் ஜுலைகாவிடம் தொழில் பழக வந்திருந்தார். ஜுலைகா அவரைவிட மிகவும் இளையவர். அதில் இருவருக்கும் சங்கடம் எதுவும் இல்லை.

"எந்த வழக்கு சார்?"

"தொம்மையோட ஐஸ் ஃபேக்டரி."

தொம்மை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கட்டி தயாரிப்பவர். ஓடிய மின்சாரத்தைப் பார்த்தால் இன்னும் எவ்வளவோ விற்றிருக்க வேண்டும், மறைத்துவிட்டார் என்றது துறை. வரியும் அபராதமும் போட்டு வங்கிக் கணக்கை முடக்கியிருந்தார்கள். வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க அவர் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது.

"என்ன வாதாடினீங்க?"

"கரண்டை மட்டும் வச்சு விற்பனையைக் கணக்குப் போடக் கூடாதுன்னு நிறைய தீர்ப்பு இருக்கு. ஒண்ணு விடாம படிச்சுக் காட்டினேன். மேல்முறையீட்டு அதிகாரியால ஒரு இடத்துலகூட பதில் சொல்ல முடியல."

"அப்புறம்?"

"பரிசீலிக்கிறேன்னு சொன்னாங்க. அந்த வார்த்தையை நானே எவ்வளவோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அதுக்குத் தள்ளுபடின்னு அர்த்தம்."

ஜுலைகா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடுத்த விசாரணை வியாழக்கிழமைதானே? நானும் வர்றேன். தொம்மையையும் வரச் சொல்லுங்க."

"அவர் எதுக்கு மேடம்? ஏதாவது உளறிடுவாரு."

"வரட்டும்."

வியாழக்கிழமை மூவரும் போனார்கள். தொம்மை சலவைச் சட்டையில் வந்திருந்தார். உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

மேல்முறையீட்டு அதிகாரி ஒரு பெண். அவர் கோப்பைப் பிரித்தார்.

"புதுசா ஏதாவது தீர்ப்பு இருக்கா?"

"இல்லைங்க" என்றார் ஜுலைகா. "ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. கேட்கலாமா?"

"கேளுங்க."

"இவரை நீங்க விட்டுட்டா, உங்களுக்கு என்ன கஷ்டம் வரும்?"

ஆவுடையப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. களைத்த முகம்.

"நாளைக்கு ஆடிட்ல வந்து உட்காருவாங்க. கரண்ட் ஓடியிருக்கு, ஐஸ் எங்கேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? உங்க தீர்ப்பு எல்லாம் சரிதான். ஐஸ் எங்கேன்னு அதுல ஒண்ணுலயும் இல்லையே."

ஜுலைகா தொம்மையின் பக்கம் திரும்பினார்.

தொம்மை எழுந்து நின்றார்.

"எங்கேயும் போவலம்மா. அங்கனேயேதான் கெடந்துச்சு."

"எது?" என்றார் அதிகாரி.

"ஐஸ்தான். மீன்பிடித் தடைக்காலம்லா. ரெண்டு மாசம் ஒரு போட்டும் கடலுக்குப் போவாது. யாரு ஐஸ் வாங்குவா? ஆனா மெசினை நிறுத்த முடியாது. நிறுத்தினா அடுக்கி வச்ச கட்டி பூரா தண்ணியாப் போயிரும். தடை முடியுற அன்னைக்கு எல்லா போட்டும் ஒண்ணா வந்து நிக்கும். அன்னைக்குக் கட்டி இல்லைன்னா பிறகு ஒருத்தனும் நம்மகிட்ட வரமாட்டான். விக்காத கட்டியக் காக்கத்தான் அந்தக் கரண்டு பூரா."

அதிகாரி கோப்பில் மின்கட்டண ரசீதுகள் இருந்த பக்கத்துக்குப் போனார். மாதம் மாதமாக விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் விற்பனைக் கணக்கைப் பார்த்தார்.

"ஆமா. இடிக்கிறது இந்த மாசங்கள்லதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "டிசம்பர்லயும் கொஞ்சம் இடிக்குதே" என்றார்.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ஜுலைகா அவரைப் பார்த்தார். அவர் மூடிக்கொண்டார்.

"அது என் தப்பும்மா" என்றார் தொம்மை. "கிறிஸ்மஸ் நேரம். மச்சான் கம்பெனியப் பாத்துக்கிட்டான், பில்லு போடல. அதுக்கு உள்ள வரியக் கெட்டிருதேன்."

அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"தடைக்காலத்து விஷயத்தை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னேம்மா. சார்கிட்ட." தொம்மை ஆவுடையப்பனைத் தயக்கத்துடன் பார்த்தார். "அது சட்டத்துல வராதுன்னு சொன்னாவ."

யாரும் சிரிக்கவில்லை.

"தடை ஆணையோட நகல் ஒண்ணு நாளைக்குள்ள கொண்டு வந்து கொடுங்க" என்றார் அதிகாரி. "டிசம்பர் தவிர மத்தது எல்லாத்தையும் நீக்கி உத்தரவு போடறேன். பேங்க் கணக்கை விடுவிக்கச் சொல்லியும் எழுதிடறேன்."

தொம்மை கும்பிட்டார். வெளியே வந்ததும் மனைவிக்கு ஃபோன் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். பாதிப் படியிலேயே அவர் குரல் உடைந்தது.

ஜுலைகாவும் ஆவுடையப்பனும் மெதுவாக இறங்கினார்கள்.

"கட்சிக்காரர் சொன்னதை நான் காதுல போட்டுக்கல. அது புரியுது" என்றார் ஆவுடையப்பன். "ஆனா அதிகாரிகிட்ட அப்படி ஒரு கேள்வியை எப்படி மேடம் கேட்டீங்க? அவங்க நமக்கு எதிர்த்தரப்பு மாதிரி."

"நீங்க இத்தனை வருஷம் அந்த நாற்காலியில இருந்தீங்களே சார். உங்ககிட்ட யாராவது அப்படிக் கேட்டிருக்காங்களா?"

"இல்ல."

"கேட்டிருந்தா?"

ஆவுடையப்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மேலே வராந்தாவில் அடுத்த வழக்குக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ அவசரமாக அவர்களைத் தாண்டி ஏறிப் போனார்.

"என் கஷ்டத்தைச் சொல்லியிருப்பேன்" என்றார்.