பழைய பெட்டி ஏன் செத்தது

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில் லாரிப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றுக்கு நடுவே பூங்கோதையின் பட்டறை. லாரிகளின் மின்சார வேலை அங்கே நடந்தது. இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று உத்தரவு போடும் மின்னணுப் பெட்டி ஒன்று உண்டே, ஈசிஎம் என்பார்கள், அந்த வேலையில் அவளை மிஞ்ச அந்தச் சாலையில் ஆள் கிடையாது. அவள் அதை வெறுமனே பெட்டி என்பாள்.

அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் அவளைவிட இருபது வயது மூத்தவர். பெயர் பொங்கியண்ணன். நரைத்த மீசை. ஓடுகிற இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொன்ன மெக்கானிக். பெட்டி வைத்த வண்டிகள் வந்தபிறகு அந்தக் காதை யாரும் தேடவில்லை. வீட்டோடு சேர்ந்த சொந்த ஷெட்டில் மாலை நேரத்தில் சில்லறை வேலைகள் பார்ப்பார். பகலெல்லாம் இங்கே பாடம்.

"குருவுக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே சீடனுக்கு மீசை முளைச்சாச்சு" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேலி பேசுவார்கள். பொங்கியண்ணன் கோபித்துக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் ரோஷம் எதற்கு என்று நினைக்கிற மனிதர் அவர்.

பூங்கோதையின் பட்டறையில் ஒரு விதி இருந்தது. பழைய பெட்டி ஏன் செத்தது என்று தெரியாமல் புதுப் பெட்டி வண்டியில் ஏறாது.

ஒரு நாள் காலையில் சீடர் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, பெட்டி மாத்தறது என்ன அத்தனை பெரிய வேலையா? ரெண்டு சாக்கெட்டு, நாலு போல்ட்டு. அதுக்கு எதுக்கு இவ்வளவு விசாரணை?"

"வண்டி ஒண்ணு வரட்டுங்ணா. பாக்கலாம்" என்றாள் குரு.

அன்று முற்பகலிலேயே வண்டி வந்தது. ஓடி வரவில்லை. இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. நிறைய ஓடித் தேய்ந்த பழைய லாரி, மேலே மக்காச்சோள மூட்டைகள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் முதலாளி நல்லசிவம் வந்து இறங்கினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"அம்மிணி, காலைல வண்டி எந்திரிக்கல. நேத்து இவன் வாட்டர் சர்வீஸ் பண்றேன்னு தண்ணியப் பீச்சியடிச்சுப் பெட்டியக் கொன்னுபோட்டான். புதுசு வாங்கியாந்துட்டேன். மாட்டிக் குடு."

இவன் என்றது டிரைவர் குப்புராசுவை. ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி வந்து நின்றவன் மெதுவாகச் சொன்னான்.

"பெட்டி மேல தண்ணி படலீங்க. கவர் சுத்திப்போட்டுத்தான் விட்டேனுங்க."

"வாய மூடு. சாயங்காலம் வேற டிரைவர் வர்றான். உன்ற சாமானை எடுத்துட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

குப்புராசு பொங்கியண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கேபினுக்குள் ஏறினான். அவர்கள் பழகியவர்கள்.

பெட்டியோடு பேசிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் பூங்கோதை சீடர் கையில் கொடுத்தாள். அவர் கேபிளைச் சொருகி, சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஸ்கேனர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியிடமிருந்து பதில் இல்லை. சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

"வர வேண்டியது வருதுங்க. பெட்டிதான் போச்சு."

"கழட்டித் திறங்க."

மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நல்லசிவமும் எட்டிப் பார்த்தார், ஏதோ புரிந்ததுபோல.

"தண்ணி இருக்குதுங்களாண்ணா?" என்றாள் குரு.

"சொட்டு இல்லீங்க. பச்சைக் களிம்பு கூடப் பூக்கல. எர்த்து வர்ற எடத்துல மட்டும் கருகியிருக்குது."

"தண்ணி போவாம எப்புடிக் கருகும்?" என்றார் நல்லசிவம். "அவன்தான் ஏதோ பண்ணியிருக்கோணும்."

குப்புராசு ஒரு பாயையும் போர்வையையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். பேச்சு காதில் விழுந்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கக்கா" என்றான் பூங்கோதையிடம். "போன வாரம் பேட்டரி ஸ்டாண்டு உட்டுப்போச்சு. அப்பக்கூட நான் கை வெக்கல. இந்த அண்ணன் ஷெட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அண்ணன் வெல்டு வெச்சுக் குடுத்தாரு. இன்னிக்கு வரைக்கும் கல்லாட்டம் நிக்குதுங்க."

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். பொங்கியண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெல்டிங் வைக்கும்முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், பெட்டியின் சாக்கெட்டையும் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் கரண்ட் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸ் வழியாக ஓடிப் பெட்டிக்குள் புகுந்துவிடும். பெட்டி அன்றைக்கே சாக வேண்டும் என்பதில்லை. அரைகுறையாக வெந்து, சில நாள் ஓடி, பிறகு சாகும். பூங்கோதை அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். போன வாரம் வெல்டு வைத்த அன்று மாலை அவருக்கு அது ஞாபகம் வராமல் இல்லை. ரெண்டு பொட்டு வைக்கிற வேலைக்கு இதையெல்லாம் யார் கழற்றுவது என்று நினைத்தார். எத்தனையோ வருஷமாக வெல்டிங் வைத்த கை. அந்தக் கைமேல் இருந்த நம்பிக்கையில் செய்துவிட்டார்.

பூங்கோதை அவர் பக்கம் திரும்பவேயில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புதுப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"காரணம் தெரிஞ்சதும் நீங்களே மாட்டிருங்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் புதுப் பெட்டியோடு வண்டியடிக்குப் போனார். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கேயும் உராய்வு இல்லை, அறுந்தது இல்லை. இல்லை என்று அவருக்கு முன்பே தெரியும். வண்டிக்கு அந்தப் பக்கம் குப்புராசு தூக்குப்போசியை இறக்கி வைத்தான். சவரச் சாமான் பையை இறக்கி வைத்தான். கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த குலதெய்வப் படத்தை, மூலை கிழியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.

பொங்கியண்ணன் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் பயந்துபோயிருந்தார். நல்லசிவம் தன் வண்டிகளை எல்லாம் அவருடைய ஷெட்டுக்குத்தான் அனுப்புவார். அதுவும் போனால் ஷெட்டில் ஈதான் ஓட்ட வேண்டும்.

"ஏம்மிணி, பெட்டி மாட்டறதுக்கு ஜாதகமா பாக்கறீங்க?" என்று நல்லசிவம் சத்தம் போட்டார். "லோடு நிக்குது."

சீடர் எழுந்து குருவிடம் வந்தார்.

"எல்லாம் பாத்துட்டேனுங்க. மாட்டிரலாம்."

"ஒயர்ல கோளாறு?"

"இல்லீங்க."

"தண்ணி?"

"இல்லீங்க."

"அப்ப பழசு எதுல செத்துச்சு?"

"அது... ஏதோ ஒண்ணுங்க. எதா இருந்தா என்னங்க, இனி ஆகாது. புதுசு நல்லா ஓடும்."

"இனி ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க."

"எப்புடித் தெரியும்?"

பொங்கியண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். இனி ஆகாது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை.

பூங்கோதை காத்திருந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. நல்லசிவம் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையை லேசாகத் தூக்கினாள், அவர் நிறுத்திக்கொண்டார்.

வண்டியிலிருந்து குப்புராசு சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். முதலாளியிடம் நீட்டினான்.

"அதை வாங்காதீங்க" என்றார் பொங்கியண்ணன்.

நல்லசிவம் திரும்பினார்.

"பெட்டியக் கொன்னது நானுங்க. பேட்டரி ஒயரைக் கழட்டாம வெல்டு வெச்சுப்போட்டேன். கழட்டோணும்னு அம்மிணி சொல்லிக் குடுத்திருந்தாங்க. தெரிஞ்சுதான் வெச்சேன். அவன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

நல்லசிவம் அவர் முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை வருசமா உன்ற ஷெட்டுல வண்டி உடறேன்" என்றார் நல்லசிவம். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "இனி என்ற வண்டி ஒண்ணும் அங்க வராது."

"சரிங்க" என்றார் பொங்கியண்ணன்.

நல்லசிவம் குப்புராசுவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "சாவிய என்னத்துக்கு நீட்டிட்டு நிக்கற? வெச்சுக்க. சாமானை ஏத்து" என்று எரிந்து விழுந்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார்.

குப்புராசு சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பொங்கியண்ணன் அவன் முகத்தில் ஒரு நிம்மதியை எதிர்பார்த்தார். அது இல்லை.

"அப்ப இருந்து நான் ஒவ்வொண்ணா எறக்கறதைப் பாத்துட்டுத்தானுங்களே இருந்தீங்க அண்ணா?"

பொங்கியண்ணன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவன் பாயை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனான்.

"இப்ப மாட்டுங்ணா" என்றாள் பூங்கோதை.

அவர் மாட்டினார். நாலு போல்ட்டு, ரெண்டு சாக்கெட்டு. ஒரு போல்ட்டு கீழே விழுந்து உருண்டது, தேடி எடுத்தார். புதுப் பெட்டிக்கு அந்த வண்டியைத் தெரியாது. டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்திருந்த எண்களைக் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார், குரு அவற்றைப் பெட்டிக்குள் ஏற்றினாள். சாவிக்கும் பெட்டிக்கும் பழக்கம் செய்துவைத்தாள். குப்புராசு சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் பொங்கியண்ணன் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் சுத்தமாக இருந்தது.

லாரி போய்விட்டது. நல்லசிவமும் பின்னாலேயே போய்விட்டார், சொல்லிக்கொள்ளாமல்.

சீடர் கழிவுத்துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பின்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் வெல்டிங்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?"

"தெரிஞ்சுதுங்ணா."

"நான் கடைசி வரைக்கும் வாயே திறக்காம இருந்திருந்தா?"

"அந்தத் தம்பிய அப்புடியே போக உட்டிருக்க மாட்டேன். நான் சொல்லியிருப்பேன்."

"அதை அப்பவே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமுங்களே. எதுக்கு அவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

பூங்கோதை செத்த பெட்டியின் மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினாள்.

"நான் சொன்னா அது குத்தம் கண்டுபுடிச்சதுங்ணா. நீங்க சொன்னாத்தான் ரிப்பேர்."